கீபோர்டே காக்பிட்: திருச்சியில் ஏறி ஸ்ரீரங்கத்தைச் சுற்றி வருவோம்

கம்ப்யூட்டர் கேம் என்றதும் நம்மில் பலருக்கு கார் ரேஸும் துப்பாக்கிச் சண்டையும்தான் நினைவுக்கு வரும். இந்த வகைகளைப் பத்து நிமிடத்தில் பழகிவிடலாம். விமானம் ஓட்டும் கேம் அப்படி இல்லை. முதல் நாள் ரன்வேயை விட்டு ஓடி புல்வெளியில் நிற்கும். இரண்டாம் நாள் ஏறும், உடனே மூக்கைக் குத்திக் கீழே விழும். மூன்றாம் நாள் அன்இன்ஸ்டால் செய்துவிடுவார்கள். கன்ட்ரோல்கள் கடினம் என்பது உண்மைதான். ஆனால் அவை ஏன் கடினமாக இருக்கின்றன என்று புரிந்துகொண்டால் பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

நான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். ஞாயிறு இரவுகளில் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகனுடன் சேர்ந்து இன்டர்நெட் வழியே விமானம் ஓட்டுகிறேன். அவன் ஒரு விமானத்தில், நான் இன்னொன்றில். இருவரும் கிளம்புவது நம் திருச்சி விமான நிலையத்திலிருந்து. இதற்கு நாங்கள் பயன்படுத்தும் புரோகிராம் ஃபிளைட்கியர். இது முழுக்க முழுக்க இலவசம். 1997-ல் முதல் பதிப்பு வந்தது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதும் ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் இது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன் போன்றவை இன்னும் அழகாக இருக்கும். ஆனால் அவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஃபிளைட்கியரில் ஆரம்பிப்பது நல்லது. கன்ட்ரோல் பாடம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

முதலில் தயார் செய்வோம்

ஃபிளைட்கியர் டாட் ஓஆர்ஜி என்ற தளத்திலிருந்து டவுன்லோட் செய்யுங்கள். ஃபைல் ஒரு ஜிபிக்கு மேல் இருக்கும் என்பதால் மொபைல் டேட்டாவில் இறக்க வேண்டாம். இன்ஸ்டால் செய்து திறந்தால் முதலில் ஒரு லாஞ்சர் விண்டோ வரும். அதில் நான்கு வேலைகள் உண்டு.

1. ஏர்கிராஃப்ட் பகுதியில் செஸ்னா 172பி விமானத்தைத் தேர்வு செய்யுங்கள். நான்கு பேர் அமரும், ஒற்றை என்ஜின் கொண்ட சிறிய விமானம் இது. உலகெங்கும் விமானம் ஓட்டப் பழகுபவர்கள் அமரும் வகை. போயிங், போர் விமானம் பக்கம் இப்போது போகவே வேண்டாம்.

2. லொக்கேஷன் பகுதியில் திருச்சி விமான நிலையத்தின் சர்வதேசக் குறியீடான வி-ஓ-டி-ஆர் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை டைப் செய்யுங்கள். ரன்வே 27-ஐத் தேர்வு செய்யுங்கள். திருச்சி ரன்வே ஒன்றுதான். ஒரு முனைக்கு 09, மறு முனைக்கு 27 என்று பெயர். இந்த எண்கள் திசையைக் குறிக்கின்றன. கடைசியில் ஒரு பூஜ்யம் சேர்த்துப் பாருங்கள்: 090 டிகிரி கிழக்கு, 270 டிகிரி மேற்கு. ரன்வே 27-ல் கிளம்பினால் மேற்கு நோக்கிப் போகிறோம் என்று பொருள்.

3. செட்டிங்ஸ் பகுதியில், காட்சிகளைத் தானாக டவுன்லோட் செய்யும் வசதியை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் திருச்சிக்குப் பதில் வெறும் கடல் தெரியும்!

4. முதல் சில நாட்களுக்கு மல்டிபிளேயர் வசதியை டிக் செய்யாமல் விடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது ஃபிளை பட்டனைக் கிளிக் செய்யுங்கள். ரன்வேயில் நிற்பீர்கள். என்ஜின் ஓடாமல் இருந்தால், மேலே மெனுவில் செஸ்னாவின் பெயரைக் கிளிக் செய்து ஆட்டோஸ்டார்ட் கொடுங்கள்.

தேவையான கீகள்

ஃபிளைட்கியரில் நூற்றுக்கும் மேற்பட்ட கீகள் இருந்தாலும், ஆரம்பத்தில் இவை போதும்.

பேஜ் அப், பேஜ் டவுன்: என்ஜின் சக்தியைக் கூட்ட, குறைக்க.
இடது, வலது அம்புக்குறி: இறக்கைகளை அந்தப் பக்கம் சாய்க்க.
கீழ் அம்புக்குறி: மூக்கை உயர்த்த. மேல் அம்புக்குறி: மூக்கைத் தாழ்த்த.
பூஜ்யம்: வாலில் உள்ள ரட்டரை இடதுபுறம் திருப்ப. என்டர்: வலதுபுறம் திருப்ப.
5: எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவர.
ஹோம், எண்ட்: டிரிம்.
சதுர அடைப்புக்குறிகள்: இறக்கையின் ஃபிளாப்பை இறக்க, ஏற்ற.
ஷிஃப்டுடன் பி (ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து): பார்க்கிங் பிரேக். ஷிஃப்ட் இல்லாமல் அழுத்தினால் சாதாரண பிரேக்.

மேல் அம்புக்குறிக்கு மூக்கு ஏன் கீழே போகிறது என்று கேட்கலாம். நிஜ விமானத்தில் பைலட் கம்பை முன்னால் தள்ளினால் மூக்கு தாழும், தன் பக்கம் இழுத்தால் உயரும். மேல் அம்புக்குறியை "முன்னால் தள்ளு" என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

சிரமம் எங்கே இருக்கிறது?

முதல் சிரமம், கார் பழக்கம். காரில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவு வளைவு. வளைவு முடியும் வரை பிடித்துக்கொண்டே இருப்போம். விமானம் இப்படி நடந்துகொள்ளாது. இடது அம்புக்குறியை அழுத்தினால் விமானம் இடப்பக்கம் சாய ஆரம்பிக்கும். விடாமல் அழுத்தினால் சாய்ந்துகொண்டே போய்ப் புரண்டுவிடும். எனவே, வேண்டிய அளவு சாய்ந்ததும் கன்ட்ரோலை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். விமானம் சாய்ந்த நிலையிலேயே திரும்பிக்கொண்டிருக்கும். திசை வந்ததும் எதிர்ப்பக்கம் அழுத்தி நிமிர்த்த வேண்டும். சாய், நடுவுக்கு வா, காத்திரு, நிமிர்த்து. இந்த நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

இரண்டாவது சிரமம் கீபோர்டினால் வருவது. ஃபிளைட்கியரில் அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் கன்ட்ரோல் ஒரு சிறு படி நகர்ந்து அங்கேயே நிற்கும். விரலை எடுத்தாலும் திரும்பி வராது. புதியவர்கள் பத்துத் தடவை தட்டிவிட்டு, விமானம் கவிழும்போது எதிர்ப்பக்கம் இருபது தடவை தட்டுவார்கள். அதனால்தான் 5 என்ற கீ முக்கியம். இரண்டு தட்டு, சற்றுப் பொறுத்து ஒரு 5. விமானத்துக்கு எடை உண்டு, கட்டளையை உடனே நிறைவேற்றாது. ஒரு விநாடி அவகாசம் கொடுங்கள்.

மூன்றாவது, ஒன்றைத் தொட்டால் இன்னொன்றும் மாறும். இறக்கையைச் சாய்த்துத் திரும்பும்போது, இறக்கையின் தூக்கு விசையில் ஒரு பகுதி திருப்பத்துக்குச் செலவாகிவிடுகிறது. எனவே விமானம் இறங்கத் தொடங்கும். அதைத் தடுக்க மூக்கைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். உயர்த்தினால் வேகம் குறையும், சக்தியைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். 30 டிகிரி சாய்வில் இறக்கை சுமக்கும் பாரம் 15 சதவீதம்தான் கூடுகிறது. 60 டிகிரியில் இரு மடங்காகிறது. அதனால் புதியவர்கள் 20, 30 டிகிரிக்கு மேல் சாய்க்கவே கூடாது.

நான்காவது, தரையில் அம்புக்குறி வேலை செய்யாது. ரன்வேயில் ஓடும்போது விமானத்தைத் திருப்புவது ரட்டரும் மூக்குச் சக்கரமும்தான். அதாவது பூஜ்யமும் என்டரும். முழுச் சக்தி கொடுத்ததும் புரொப்பெல்லரின் சுழற்சி விமானத்தை இடதுபுறம் இழுக்கும். என்டர் கீயை லேசாகத் தட்டி நேராக வைத்துக்கொள்ளுங்கள். புல்வெளியில் போய் நிற்கும் விமானங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயம் தெரியாததால் நிற்பவைதான்.

கைக்கு ஜாய்ஸ்டிக் கிடைத்தால் இதில் பாதிச் சிரமம் இல்லை. கம்பை முறுக்கினால் ரட்டர் திரும்பும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோ அப்படிப்பட்டது, சக்தியைக் கூட்ட ஒரு நெம்புகோலும் அதில் உண்டு. ஜாய்ஸ்டிக் இல்லாதவர்கள் டேப் கீயை அழுத்தினால் மவுஸே கன்ட்ரோல் ஆகிவிடும். கீபோர்டைவிட மவுஸ் நுணுக்கமாக இயங்கும். இன்னொரு உதவியும் இருக்கிறது. லாஞ்சர் செட்டிங்ஸில் ஆட்டோ கோஆர்டினேஷனை இயக்கினால், சாய்க்கும்போது ரட்டர் தானாகச் சேர்ந்து திரும்பும்.

டிரிம் என்னும் உதவிக் கை

தராசில் ஒரு பக்கம் கொஞ்சம் கனத்தால், கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் விரலால் தாங்கிப் பிடிக்க மாட்டார். மறுதட்டில் ஒரு சிறு பொருளை வைத்து முள்ளை நடுவில் நிறுத்திவிடுவார். டிரிம் இந்த வேலையைச் செய்கிறது. விமானம் தானாக மூக்கை உயர்த்திக்கொண்டே இருந்தால், மேல் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. ஹோம், எண்ட் கீகளில் எது மூக்கை ஏற்றுகிறது, எது இறக்குகிறது என்று சிறிது சிறிதாக அழுத்திப் பாருங்கள். கையை எடுத்தாலும் விமானம் உயரம் மாறாமல் பறந்தால் டிரிம் சரியாகிவிட்டது என்று அர்த்தம். இதற்குப் பிறகுதான் வெளியே வேடிக்கை பார்க்கவே நேரம் கிடைக்கும்.

கிளம்புவோம்

திருச்சி ரன்வே சுமார் 8,100 அடி நீளம். கடல் மட்டத்திலிருந்து 288 அடி உயரத்தில் இருக்கிறது. நம் செஸ்னா குளிர்ந்த நாளில் 1,000 அடிக்குள் ஓடி ஏறிவிடும். மே மாத வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் இன்னும் கொஞ்சம் ஓட வேண்டும். கேமில் நிஜ வானிலையைத் தேர்வு செய்திருந்தால் இந்த வித்தியாசத்தையும் பார்க்கலாம்.

பார்க்கிங் பிரேக்கை எடுங்கள். சக்தியை முழுவதும் கூட்டுங்கள். கண் ரன்வேயின் மறு முனையில் இருக்கட்டும். வேகமானி 55 நாட்டைத் தொட்டதும் (மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர்) கீழ் அம்புக்குறியை மெதுவாகத் தட்டுங்கள். விமானம் எழும்பும். உடனே செங்குத்தாக ஏற ஆசைப்படாதீர்கள். 75 நாட் வேகம் நிற்கும்படி மூக்கை வையுங்கள். வேகம் 75-க்குக் கீழே வந்தால் மூக்கைத் தாழ்த்துங்கள், மேலே போனால் உயர்த்துங்கள். 45 நாட்டை நெருங்கினால் இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். அப்படி ஆனால் பதறி இழுக்கக் கூடாது. மூக்கைத் தாழ்த்தி முழுச் சக்தி கொடுத்தால் மீண்டுவிடும்.

1,500 அடி வந்ததும் சமமாக்குங்கள். என்ஜினை 2,200 சுற்றுக்குக் குறைத்து டிரிம் செய்யுங்கள். வேகம் 90 நாட் அளவில் நிற்கும். வலதுபுறம் மெல்லத் திரும்பி, திசைகாட்டி வடக்கைக் காட்டியதும் நிமிர்த்துங்கள்.

ஸ்ரீரங்கத்தை அடையாளம் காண்பது எப்படி?

விமான நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் கோயில் நேர்க்கோட்டில் சுமார் 11 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. 90 நாட் வேகத்தில் நான்கு நிமிடப் பயணம். 236 அடி ராஜகோபுரமும் மலைக்கோட்டையும் நேரில் இருப்பது போலவே கேமில் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காட்சிகள் வரைபடத் தகவலைக் கொண்டு உருவானவை. ஆறுகளை நம்புங்கள். முதலில் குறுக்கே வருவது காவிரி, அடுத்து வருவது கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் நிலம்தான் ஸ்ரீரங்கம் தீவு. இடதுபுறம் திரும்பி ஆற்றோடு போனால் காவிரி இரண்டாகப் பிரியும் முக்கொம்பு வரும். வலதுபுறம் போனால் கல்லணைப் பக்கம் வந்துவிடுவீர்கள். ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் பைலட்டுகள் ஆற்றையும் ரயில் பாதையையும் பார்த்துத்தான் வழி கண்டார்கள். தெரிந்த ஊரில் பழகுவதன் பெரிய லாபம் இதுதான். பாதையைத் தேடுவதில் மூளை செலவாகாது. முழுக் கவனமும் கன்ட்ரோலில் இருக்கும்.

இறங்குவது

ஏறுவதைவிட இறங்குவது கடினம். ஸ்ரீரங்கத்திலிருந்து தெற்கே திரும்பி வாருங்கள். ரன்வேக்கு வடக்கில், அது உங்கள் வலதுபக்கம் இருக்கும்படி கிழக்கு நோக்கிப் பறந்து செல்லுங்கள். உயரம் 1,300 அடி. ரன்வேயின் கிழக்கு முனையைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும் வலதுபுறம் தெற்கே, மீண்டும் வலதுபுறம் மேற்கே. இப்போது ரன்வே 27 நேர் எதிரே இருக்கும்.

இங்கே நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்று உண்டு: மூக்கால் வேகம், சக்தியால் உயரம். வேகம் குறைகிறதா? மூக்கைத் தாழ்த்துங்கள். ரன்வேக்கு முன்பே தரை தட்டிவிடும் போலிருக்கிறதா? சக்தியைக் கூட்டுங்கள். ஃபிளாப்பைப் படிப்படியாக இறக்கி, வேகத்தை 65 நாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடல் மைலுக்கு 300 அடி என்ற கணக்கில் இறங்கினால் போதும். இந்த வேகத்தில் அது நிமிடத்துக்குச் சுமார் 325 அடி. ரன்வே ஓரத்தில் நான்கு விளக்குகள் தெரிந்தால், இரண்டு வெள்ளை இரண்டு சிவப்பு என்பது சரியான உயரம். நான்கும் சிவப்பென்றால் மிகவும் தாழ்ந்துவிட்டீர்கள். தரைக்கு மிக அருகில் வந்ததும் சக்தியை முழுவதும் எடுத்து, மூக்கை மெல்ல உயர்த்தி, விமானம் தானாக அமரும் வரை பொறுமையாக இருங்கள்.

ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் முழுச் சக்தி கொடுத்து மேலே ஏறிவிடுங்கள். மறுபடி சுற்றி வரலாம். நிஜ பைலட்டுகளும் இப்படித்தான் செய்கிறார்கள்.

இப்போது மல்டிபிளேயர்

தனியாக மூன்று முறை பத்திரமாக இறங்கிய பிறகு மல்டிபிளேயர் பக்கம் வாருங்கள். செட்டிங்ஸில் அந்த வசதியை டிக் செய்து, உங்களுக்கு ஓர் அழைப்புப் பெயர் கொடுங்கள். 7 எழுத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் நிஜப் பெயரோ போன் எண்ணோ வேண்டாம்.

தனியாகப் பறக்கும்போது "பாஸ்" போட்டுவிட்டுக் காபி குடித்து வரலாம். இங்கே அது கூடாது. உங்கள் விமானம் மற்றவர் திரையில் நடுவானில் அப்படியே நின்றுவிடும். இறங்கியதும் ரன்வேயிலேயே நிற்காமல் ஒதுங்குங்கள், பின்னால் ஒருவர் வந்துகொண்டிருக்கலாம். கன்ட்ரோல் கைக்கு வராமல் இங்கே வரக் கூடாது என்று சொன்னது இதற்காகத்தான். இருவரும் ஒரே வகை விமானம், நிஜ வானிலை, ஒரே உயரமானி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட் தாமதத்தால் மற்றவரின் விமானம் சில சமயம் துள்ளித் துள்ளித் தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சேர்ந்து பறப்பது தனிக் கலை. முன்னால் போகும் விமானம் 90 நாட், நீங்கள் 95 நாட் என்றால் விநாடிக்கு இரண்டரை மீட்டர் நெருங்குகிறீர்கள். 300 மீட்டர் இடைவெளி இரண்டே நிமிடத்தில் காணாமல் போகும். பக்கத்தில் வந்த பிறகு சக்தியைக் குறைத்தால் தாண்டிப் போய்விடுவீர்கள், பாதித் தூரத்திலேயே குறைக்க வேண்டும். நாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பேசுவோம். "மாமா, நீங்க வெளியவே பாக்குறீங்க, ஸ்பீடு அறுபதுக்கு வந்துடுச்சு" என்று அவன் அங்கிருந்து சொல்வான். வாரம் முழுதும் போனில் "சாப்பிட்டாச்சா, நல்லா இருக்கீங்களா" என்ற இரண்டு கேள்வியோடு முடிந்துவிடும் பேச்சு, கொள்ளிடத்தின் மேல் ஒரு மணி நேரம் நீள்கிறது. அவன் பிறந்த தெரு எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் திரும்புவான்.

விளையாட்டில் கற்பது எதற்கு உதவும்?

விமானியின் பயிற்சிக்கு விளையாட்டுப் பொருள் போன்ற ஒரு கருவி உதவும் என்று காட்டியவர் அமெரிக்காவின் எட்வின் லிங்க். இசைக்கருவி தயாரிக்கும் குடும்பத்தில் பிறந்த அவர், ஆர்கனின் துருத்திகளைக் கொண்டே 1929-ல் ஆடும் விமான மாதிரி ஒன்றைச் செய்தார். 1934-ல் அமெரிக்க ராணுவம் அவற்றை வாங்கியது. நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் பறக்கும் மணிகள் லைசென்ஸ் கணக்கில் சேராது. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் நிஜமாகப் பறந்திருக்க வேண்டும். ஆனால் வேகம், உயரம், சக்தி மூன்றுக்கும் உள்ள உறவு மனதில் பதிந்துவிடும்.

அந்த அறிவு வேறு விதத்திலும் உதவுகிறது. 2024 அக்டோபர் 11 மாலை, திருச்சியிலிருந்து 141 பயணிகளுடன் ஷார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. சுமார் இரண்டரை மணி நேரம் அது வட்டமடித்ததை டிவியில் பார்த்து நாடே கலங்கியது. ஏன் உடனே இறங்கவில்லை என்று பலரும் கேட்டார்கள். போயிங் 737-800 கிளம்பும்போது சுமார் 79 டன் வரை இருக்கலாம். இறங்கும்போது சுமார் 66 டன்னுக்குள் இருக்க வேண்டும். பெரிய விமானங்கள் சிலவற்றில் இருப்பது போல எரிபொருளை வானிலேயே வெளியேற்றும் வசதி இதில் இல்லை. எனவே பறந்துதான் எரிபொருளைத் தீர்க்க வேண்டும். எடை குறைந்தால் இறங்கும் வேகமும் குறையும், ரன்வேயில் நிறுத்துவதும் எளிதாகும். வட்டமடித்தது தவிப்பினால் அல்ல, கணக்குப்படி செய்த வேலை. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. 65 நாட்டில் ஒரு செஸ்னாவை இறக்கிப் பார்த்தவருக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும்.

ஒரு வாரத் திட்டம்

முதல் இரண்டு நாள் நேராகவும் சமமாகவும் பறப்பது, டிரிம் செய்வது. மூன்றாம் நாள் 20 டிகிரி சாய்வில் திரும்புவது. நான்காம் நாள் 3,000 அடிக்கு ஏறி, வேண்டுமென்றே ஸ்டால் செய்து மீள்வது. ஐந்தாம், ஆறாம் நாள் ஏறி, சுற்றி, இறங்குவது. தினமும் அரை மணி நேரம் போதும், அதற்கு மேல் கையும் கண்ணும் களைத்துவிடும். ஏழாம் நாள் வெளியூரில் இருக்கும் உறவினரையோ நண்பரையோ கூப்பிடுங்கள். அவருக்கும் இந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு, காவிரிக்கு மேல் சந்திக்க ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.